முட்டுக் கம்பு

பெங்களூரு ஓசூர் ரோட்டை ஒட்டிய அந்தத் தனியார் நர்சிங் கல்லூரியின் புது மண்டபத்துக்குக் கூரை கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூரையைத் தாங்கிக் கீழே காடு மாதிரி முட்டுக் கம்புகள் நின்றன. அவற்றுக்கு நடுவே குனிந்து குனிந்து, சிந்திக் கிடந்த சிமெண்ட் கட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள் சித்தாள் மரகதம்.

அதே கல்லூரியில்தான் அவள் மகள் வைஷ்ணவி இரண்டாம் வருடம் படித்தாள். கட்டடத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையை நம்பித்தான் மரகதம் அவளைச் சேர்த்தாள். படிப்பு பாதியில் இருக்கும்போது அரசு அதை வெட்டிவிட்டது. மிச்சக் கட்டணத்தைக் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றது கல்லூரி. காதுத் தோட்டை விற்றும் போதவில்லை. காலையிலிருந்து வைஷ்ணவியும் அவளைப் போன்ற சில பெண்களும் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றார்கள். கூடையோடு அம்மா போகும்போதெல்லாம் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் மரகதம் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒரு முட்டுக் கம்பின் அடியில், அதை இறுக்கி நிறுத்தும் ஆப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மேஸ்திரி அசோகன் ஓடி வந்தான்.

“யக்கா, இன்னா பண்ற?”

“இந்த ஆப்பெல்லாம் தட்டி வுட்டா இவனுங்க மண்டபம் உக்காந்துடும் இல்ல?”

“உக்காரும். யார் மேல? கீழ சோறு துன்றவன் மேல. மொதலாளி ஏசி ரூம்ல இருப்பான். சுத்தியக் குடுக்கா.”

அவள் கொடுக்கவில்லை.

அப்போது பார்த்துக் கல்லூரி முதலாளி பத்ரிநாத் உள்ளே வந்தார். கூடவே ஆளும் கட்சி எம்.எல்.ஏ. ஒருவர்.

“மேஸ்திரி, வெள்ளிக்கிழமை சார் கையால திறப்பு விழா. இந்தக் கம்பெல்லாம் நாளைக்கே எடுத்துடுங்க.”

“கான்கிரீட் இன்னும் இறுகல சார். கூரை நிக்காது.”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அசோகன். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க, ஒண்ணும் ஆகாது.”

மரகதம் முன்னால் வந்தாள். “இன்னாத்துக்கு சார் நாளைக்கு? இப்பவே எடுக்கறேன். ரெண்டு பேரும் வந்து இந்தக் கம்பாண்ட நில்லுங்க.”

சுத்தியலை ஓங்கினாள். இருவரும் விழுந்தடித்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினார்கள். எம்.எல்.ஏ.வின் ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. வேலையாட்கள் சோற்றுக் கையோடு சிரித்தார்கள். மரகதம் ஆப்பைத் தொடவே இல்லை.

“ஒண்ணும் ஆகாதுன்னீங்க, பயந்துகினீங்களே! எம்பொண்ணுக்குப் பாதியில கம்ப உருவுனீங்களே, அவ எங்க சார் ஓடுவா?”

“கவர்மென்ட் பணம் தரலைன்னா காலேஜ் என்னம்மா பண்ணும்?” என்றார் பத்ரிநாத்.

“மண்டபம் கட்டும்,” என்றாள் மரகதம்.

அசோகன் இடுப்பில் செருகியிருந்த கொத்துக் கரண்டியைக் கீழே போட்டான். மற்றவர்களும் சாமான்களைத் தொடவில்லை. வெளியே நிற்கும் அத்தனை பெண்களுக்கும் ஹால் டிக்கெட் வரும்வரை கூடைகூட நகராது என்று உட்கார்ந்துவிட்டார்கள். விழாவும் மானமும் சேர்ந்து போகும் என்று தெரிந்ததும் பத்ரிநாத் ஆபீசுக்குப் போன் போட்டார். கம்பு எடுக்கும் பேச்சும் அதோடு நின்றது. சற்று நேரத்தில் பெண்கள் ஹால் டிக்கெட்டோடு வகுப்புக்குள் போனார்கள்; வராந்தா காலியானது.

எம்.எல்.ஏ. ஒற்றைச் செருப்போடு காரில் காத்திருந்தார். செருப்பை எடுத்துத்தர ஒருவரும் எழவில்லை. மரகதம் அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே கார் கதவு வரை போனாள்.

“உதவித்தொகை அரசாங்கம் இரக்கப்பட்டுக் குடுக்கறதும்மா. இல்லாதப்ப குறைக்கத்தான் செய்யும்,” என்றார் அவர்.

“இரக்கம் இல்ல சார், அது முட்டு. ஏழ வூட்டுப் புள்ள படிச்சு சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும் அத உருவக் கூடாது. நீங்க ஒசரத்துல நிக்கறதும் எங்க முட்டுலதான். ஓட்டு கேட்டு எங்க தெருவுக்கு வாங்க. அன்னிக்கு உங்க முட்டோட ஆப்ப நாங்க தட்டாம வுட மாட்டோம்.”