முப்பத்தைந்து ஆம்பியர்

வயர்மேன் வேதநாயகம் இறந்து முப்பதாம் நாள், சாந்தோம் அடுக்குமாடிக் குடியிருப்பில் தன் வீட்டுச் சமையலறைக்கு முப்பத்தைந்து ஆம்பியரில் திரும்பி வந்தார். இறப்பதற்கு முன் அவர் கடைசியாகச் செய்த சாதாரண காரியம், மின்சார அடுப்புக்குப் பின்னால் ஒரு முழம் வெளியே தெரியும் வயரை உள்ளங்கையால் பொத்திப் பார்த்ததுதான். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்படிப் பார்ப்பார். "சுடுதா பாரு" என்று மனைவி ஆஷாவையும் கூப்பிடுவார். அன்றைக்கு அவள் கையெல்லாம் மாவு. "சுடல, கெளம்புயா" என்று தொடாமலே சொல்லிவிட்டாள். தி. நகருக்குப் போக வேண்டியவர் லஸ் முனையில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தார். பஸ் வந்தது, அவர் எழவில்லை.

அந்த அடுப்பு 2019இல் வீட்டுக்கு வந்தது. அடையாறில் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போன ஒரு குடும்பம், மேலே நாலு தட்டும் கீழே ஓவனுமாக இருந்த அதை அவருக்கே கொடுத்துவிட்டுப் போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எட்டாயிரம் வாட், அதாவது முப்பத்தைந்து ஆம்பியர். ஆனால் எந்த வீட்டிலும் எல்லாம் ஒரே நேரத்தில் எரியாது என்று நம்பித்தான் வயர்மேன்கள் கணக்குப் போடுகிறார்கள். முதல் பத்து ஆம்பியரை முழுதாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் முப்பது சதவீதம் சேர்த்து, பக்கத்தில் பிளக் இருந்தால் இன்னும் ஐந்தைக் கூட்டினால் இருபத்திரண்டரை வரும். அதற்கு நாலு ஸ்கொயர், அதாவது நாலு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள வயர் போதும். ஊருக்கெல்லாம் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார். தன் வீட்டுக்கு மட்டும், வேறெதுவும் பங்கு கேட்காத தனி லைனாக, போர்டிலிருந்து பத்து ஸ்கொயரில் இழுத்து, நாற்பது ஆம்பியரைத் தாண்டினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சும் வைத்தார். "இன்னாயா, அடுப்புக்கா இழுக்கிற, கல்யாண மண்டபத்துக்கா?" என்று ஆஷா கேட்டாள். அவர் பட்டினப்பாக்கத்து மீனவர் மகன். நங்கூரக் கயிற்றைப் புயலை நினைத்து வாங்குகிற வீட்டில் வளர்ந்தவர். "கடல் இன்னா முப்பது பர்சன்ட்டா அடிக்கும்?" என்றார்.

துக்க வீட்டில் அடுப்பெரியவில்லை. மாடிக்கு மாடி முறை வைத்து அவளுக்குச் சோறு வந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்களுக்கு ஆக்கிப்போட வேண்டியிருந்தபோதுதான், அந்த அடுப்பின் நாலு தட்டும் ஓவனும் முதல் முறையாக ஒன்றாக எரிந்தன. முதல் தட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதைத் திருப்பியதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்றாவதற்கு, காக்கி பேண்ட் இடுப்பு வரைக்கும் வந்து நின்றது. நாலாவதற்குச் சட்டையும் பையில் டெஸ்டரும் வந்தன. கோழியை வைத்து ஓவனைப் போட்டதும் முகம் வந்தது. கறி அடிப்பிடித்துவிடும் என்பதால் ஆஷா கத்தவில்லை. "வயரு சுடுதா பாரு" என்றார் வேதநாயகம். "சுடல" என்றாள் அவள், கரண்டியை விடாமல்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து ஐந்தையும் போட்டாள். பத்துப் பேர் சாப்பாடு மிஞ்சியது, அந்த மாடி முழுக்கச் சாப்பிட்டுச் சதை போட்டது. கீழ்வீட்டில் மீன் விற்கும் கங்கம்மா, கடலில் இறந்துபோன தன் புருஷன் சுயம்புலிங்கத்தையும் அழைக்க நினைத்து, தன் இரண்டு தட்டு அடுப்பை முழுச் சூட்டில் வைத்தாள். பீடி வாசனை மட்டும் வந்தது. அந்த லைன் அவ்வளவுதான் தாங்கும்.

இப்படி இரண்டு வருஷம் போன பிறகு குடியிருப்பு முழுக்கப் புது வயர் போடுவது என்று முடிவாயிற்று. மேற்பார்வைக்கு வந்த குருபிரசாத், அடுப்புக்கு எல்லா வீட்டிலும் நாலு ஸ்கொயர், இருபத்தைந்து ஆம்பியர் என்று எழுதிக்கொண்டே வந்தான். ஆஷா வீட்டுப் பத்து ஸ்கொயரை உருவி எடுத்துவிடச் சொன்னான்.

"இருபத்தஞ்சுல இடுப்பு வரைக்கும்தான் வருவாரு தம்பி. மீதி ஆள நான் எங்க போய்த் தேடறது?"

"யாருக்கா அது?"

"ஞாயித்துக்கெழம பதினொண்ணரைக்கு வா. சாப்ட்டுட்டுப் போவ."

வந்தான். அவன் கண்ணெதிரே ஐந்தும் ஒவ்வொன்றாகச் சிவந்தன, வேதநாயகமும் அதே வரிசையில் வந்து முடிந்தார். தொழில்காரனைப் பார்த்த சந்தோஷத்தில் நேராகக் கணக்குக்கு வந்துவிட்டார். குருபிரசாத் இருபத்திரண்டரையை விட்டு நகரவில்லை. "எல்லாத்தயும் ஒண்ணா யாருண்ணே போடுவாங்க?" என்றான். வேதநாயகம் அடுப்பைக் காட்டினார். "நைனா, ரூல் சொல்றது இதுக்குக் கீழ போவாதன்னு. மேல போவாதன்னு எந்தப் பக்கத்துல கீது, காட்டு." குருபிரசாத் மனசுக்குள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான். அப்படி எங்கும் இல்லை. எம்சிபியைத் தொட்டுப் பார்த்தான், முறுக்காணிகளைச் சரிபார்த்தான், பிறகு படிவத்தில் எழுதினான்: முழுச் சுமையும் ஒரே நேரத்தில், வாரம் ஒரு முறை, பத்து ஸ்கொயர் அப்படியே இருக்கட்டும். இரண்டாம் தடவை குழம்பு வாங்கிக்கொண்டான்.

கங்கம்மாவும் நாலு தட்டும் ஓவனுமான அடுப்பு வாங்கி, அவனைக் கொண்டே பத்து ஸ்கொயர் போட்டுக்கொண்டாள். சுயம்புலிங்கம் முழுசாக வந்தார், கால் மணி நேரம் பேசினார். அவள் ஓவனை அணைத்து, நாலில் இரண்டு தட்டையும் அணைத்தாள். "வாசனையே போதும் எனக்கு. வாயி இன்னும் அடங்கல அந்தாளுக்கு" என்று மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பில் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தண்ணீர் லாரி வருகிற மாதிரி, ஞாயிற்றுக்கிழமை வேதநாயகம் வருவார்.

படிவம் எழுதின அந்த ஞாயிறு, குருபிரசாத் போன பிறகு, ஆஷா அணைப்பதற்காக ஓவன் திருகில் கையை வைத்தவள் திருப்பாமல் நின்றாள்.

"அன்னிக்கு நான் தொட்டுப் பாக்காமலே சொல்லிட்டேன்யா."

"தெரியும்."

"அப்ப மட்டுமில்ல. இந்த ரெண்டு வருஷமா தொடவே இல்ல."

"அதுவும் தெரியும். இப்பப் பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் நீட்டி, வயரை உள்ளங்கையால் பொத்தினாள். நாலு தட்டும் ஓவனும் முழுதாக எரிந்துகொண்டிருந்தன. வயர் சுடவில்லை.