யாருக்கும் இல்லாத காப்பீடு

பெட்ரோல் பங்க்கில் வாங்கிய சூடான பிஸ்கட் ரொட்டியையும் அதற்குள் வைத்த பன்றித் தொத்திறைச்சியையும் வேனுக்குள் உட்கார்ந்தபடியே தின்று முடிப்பதுதான் வெண்டலுக்கும் லாமருக்கும் தினசரிக் காலைச் சாப்பாடு. தேநீரில் சர்க்கரை பத்தவில்லை என்று லாமர் குறை சொல்வான். "ஒனக்குச் சர்க்கரை மூட்டையத்தான் கொண்டாந்து கொட்டணும்" என்று வெண்டல் திட்டுவான். வேனின் பக்கவாட்டில் 'லாம்பெத் ஹோம் தியேட்டர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். லாமரின் சட்டைப்பையிலும் அதே எழுத்துதான். கம்பெனி என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முதலாளி வெண்டல் லாம்பெத், வேலைக்கு லாமர், ஒரு வேன், அவ்வளவுதான். அமெரிக்காவின் சார்லட் நகரைச் சுற்றியிருக்கிற வசதியான வீடுகளில் சினிமாக் கொட்டகை மாதிரி திரையும் ஸ்பீக்கரும் அமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில்.

அன்றைக்கு ஏரிக்கரையில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு மாளிகையில் வேலை. கட்டடக் கம்பெனியின் சூப்பர்வைசர் ஒரு கறாரான அம்மாள். காப்பீட்டுச் சான்றிதழைப் பார்க்காமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட உள்ளே விடமாட்டாள்.

"வீட்டுக்கு ஏதாவது சேதம் ஆனா குடுக்கிற காப்பீடு இருக்கு. சரி. ஆளுங்களுக்கு அடிபட்டா?"

"அதுவும் இருக்கு மேடம். அடுத்த பக்கம் பாருங்க" என்றான் வெண்டல்.

லாமருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க கடை சின்னதுதான் மேடம், ஆனா எல்லாம் பக்கா. போன வாரம்கூட ஒரு பெரிய கம்பெனிக்காரன் என்னை வான்னு கூப்பிட்டான். இங்க என்ன குறைச்சல்னு நான் போகல."

வெண்டல் ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

விஷயம் இதுதான். அந்த ஊரில் இந்தத் தொழில்காரர்கள் 'பேய்க் காப்பீடு' என்று ஒன்றைச் சொல்வார்கள். தனியாளாகத் தொழில் செய்கிறவன், 'என்னிடம் வேலையாள் ஒருவரும் கிடையாது, எனக்கும் இதில் காப்பீடு வேண்டாம்' என்று எழுதிக்கொடுத்து வாங்குவது அது. உள்ளே யாருமே இல்லாததால் கட்டணமும் சொற்பம். அடிபட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. கட்டடக் கம்பெனி வாசலில் நீட்டுவதற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். நிஜமாகவே தனியாக வேலை பார்க்கிறவன் அப்படி வாங்கினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. வெண்டலோ தினமும் லாமரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு, என்னிடம் யாருமே இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தான்! அடுத்த வருஷம் தொழில் சூடுபிடித்ததும் லாமர் பேரைச் சேர்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அடுத்த வருஷம் வந்தபாடில்லை.

மாளிகையின் தியேட்டர் அறையில் பின்வரிசை நாற்காலிகளுக்காக ஒரு மேடை கட்டியிருந்தார்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற பரணில் ஏறி, மேலிருந்து ஒயரைக் கீழே விட வேண்டும். அந்தப் பரண்களில் மரச்சட்டத்தின் மேல் மட்டும்தான் கால் வைக்கலாம். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருப்பது வெறும் ஜிப்சம் பலகை. ஆள் பாரம் தாங்காது. போதாக்குறைக்கு, குளிர் இறங்காமலிருக்கப் பரண் முழுக்கப் பஞ்சைக் கொட்டி வைத்திருப்பார்கள். சட்டம் எது, வெறும் பலகை எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் கனமான மரப்பலகைகளை ஏற்றி, சட்டங்களுக்குக் குறுக்கே பாலம் மாதிரி போட்டுக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்பார்கள்.

"பலகையைக் கொண்டு வரட்டுமா?" என்று ஏணியில் நின்றபடி லாமர் கேட்டான்.

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தைப் புதுத் திரையில் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தான். "விடுடா, ரெண்டே ஸ்பீக்கர்தானே? பலகையை ஏத்தி இறக்கறதுக்குள்ள பொழுது போயிரும். நான் கீழருந்து தட்டிக் காட்டறேன், நீ பாத்து வா."

"நீ சொன்னா சரி" என்று லாமர் ஏறிவிட்டான்.

வெண்டல் கீழே நின்று நீளக் கம்பால் சீலிங்கைத் தட்டினான். "இங்க, இங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்." மேலே பஞ்சுக்குள் லாமர் நகர்கிற சத்தம் கேட்டது. ஏதோ சர்ச் பாட்டை முனகிக்கொண்டே வந்தான். பாட்டு சட்டென்று நின்றது. சீலிங் பிளந்து, வெள்ளைத் தூளும் பஞ்சுமாக லாமர் கீழே வந்தான். வெறும் தரையில் விழுந்திருந்தாலாவது பரவாயில்லை. அந்த மேடையின் விளிம்பில் இடுப்பு மோத விழுந்தான்.

"ஐயோ லாமர்! அசையாத, அசையாதடா!" என்று வெண்டல் கத்தினான். லாமரின் முகமெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தது. "கால் எங்க இருக்குன்னே தெரியல வெண்டல்" என்றான் மெல்ல. ஆம்புலன்ஸ் வருகிறவரை வெண்டல் அவன் கையை விடவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மனுஷன் கெட்டவனில்லை. கெட்டவன் செய்கிற காரியத்தைச் செய்துவைத்திருந்தான், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில், வேலை செய்யும்போது அடிபட்டதா என்று கேட்டார்கள். வலி ஊசி போட்டிருந்த லாமர் முந்திக்கொண்டு, "ஆமாம்மா. எங்க கம்பெனிக்குக் காப்பீடு இருக்கு. வெண்டல்கிட்ட எல்லாம் இருக்கு" என்றான். வேனை நிறுத்திய இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெண்டல் வெளியே நழுவினான்.

இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. தண்டுவடத்திலும் அடி. அறுவைச் சிகிச்சை முடிந்தாலும் பல மாதங்கள் ஒரு நிலையத்தில் தங்கி நடைப் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஏணி ஏறுவது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாமரின் மனைவி யோலண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். சர்ச்சிலிருந்து மூடிபோட்ட பாத்திரங்களில் கோழியும் மக்ரோனியும் வந்துகொண்டிருந்ததால் வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் நடைப் பயிற்சி நிலையத்துக்கு ஆகும் செலவை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? காப்பீட்டுக் கம்பெனிக்கு அவளே போன் செய்தாள்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரி நடைபாதையில் வெண்டலை அவள் மறித்தாள். கையில் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"லாம்பெத் ஹோம் தியேட்டர்ல வேலையாளே கிடையாதாமே?"

வெண்டல் ஓர் அடி பின்வாங்கினான்.

"போன்ல அந்தப் பொண்ணு சொல்றா. 'அம்மா, இந்தப் பாலிசியில ஒருத்தர் பேரும் இல்ல'ங்கறா. அப்ப என் புருஷன் யாரு? தினம் காலையில உங்க சட்டையப் போட்டுக்கிட்டு என் வீட்டு வாசலத் தாண்டிப் போனது யாரு?"

"யோலண்டா, நான் அடுத்த வருஷம் அவன் பேரை..."

"அந்த வீட்டுச் சீலிங்க அடைச்சாச்சாமே?"

"ம்."

"உங்க இன்னொரு காப்பீடு குடுத்துதாமே?"

அதுவும் உண்மைதான். வீட்டுச் சேதத்துக்கான காப்பீட்டை வெண்டல் ஒழுங்காக வைத்திருந்தான். பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. ஓட்டை இருந்த இடமே இப்போது தெரியாது.

"சீலிங்குக்கு வெச்சிருந்தீங்க, மனுஷனுக்கு வெக்கலயே" என்றாள் யோலண்டா. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

அன்று மத்தியானமே காப்பீட்டு முகவர் ராண்டி போனில் வந்தான். பேய்க் காப்பீட்டை வாங்கிக் கொடுத்தவன் இவன்தான்.

"வெண்டல், காப்பீட்டுக் கம்பெனியில இருந்து விசாரிக்க ஆள் வருது. வாயக் குடுத்து மாட்டிக்காத. லாமர் தனியாத் தொழில் பண்றவன், அன்னைக்கு ஒரு நாள் உதவிக்கு வந்தான்னு சொல்லிரு. சம்பளத்தையும் நீ கான்ட்ராக்ட் பணம்னுதானே கணக்குல எழுதினே? மேட்டர் முடிஞ்சுது."

"அப்படிச் சொன்னா லாமருக்கு?"

"அவனுக்கு ஒண்ணும் வராது. அது அவன் கஷ்டகாலம்."

"என் ஆளுதான்னு சொன்னா?"

ராண்டி பெருமூச்சு விட்டான். "சொன்னா, பாலிசியில பேரு இல்லாட்டியும், நெஜமான வேலையாளுக்குக் கம்பெனி குடுத்துத்தான் ஆகணும்னு சட்டம். ஆனா உன்னை உரிச்சுருவாங்க. பொய்யா எழுதிக்குடுத்ததுக்குக் கேஸ், அபராதம், லைசென்ஸ் போகும். கடை, வேன் எதுவும் மிஞ்சாது. புள்ளகுட்டிக்காரன் நீ, யோசிச்சுக்க."

வெண்டல் யோசித்தான். யோசிக்காமல் என்ன? வேனைக் கழுவுகிற சாக்கில் வாசலில் நின்று யோசித்தான். தன் மகன்களைப் பற்றி யோசித்தான். லாமர் பாவம்தான், ஆனால் நானும் தெருவுக்கு வந்தால் அவனுக்கு என்ன லாபம் என்று யோசித்தான். இப்படி யோசித்துத்தானே உலகத்தில் எல்லா அநியாயமும் நடக்கிறது! ராண்டி சொன்னதையே சொல்லிவிடுவது என்று ஒரு மாதிரி தீர்மானித்தும் விட்டான்.

விசாரிக்க வந்தவள் சாந்தமான பெண். வெண்டலின் பட்டறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

"லாமர் உங்ககிட்ட வேலை பாத்தவரா, தனியாத் தொழில் செய்யறவரா?"

"தனியா" என்றான் வெண்டல். சொல்லிவிட்டான். சொன்னதும் அப்பாடா என்றிருக்கும் என்று நினைத்திருந்தான். அப்படி இருக்கவில்லை.

"சரி. வேலைக்கு எதுல வருவாரு?"

"என் வேன்ல."

"டிரில், ஏணி எல்லாம் யாரோடது?"

"என்னோடது."

"வேற யாருக்காவது வேலை செய்வாரா?"

வெண்டல் வாயைத் திறந்தான். 'செய்வான்' என்று ஒரு வார்த்தை போதும். பெரிய கம்பெனி கூப்பிட்டும் போகாமல் இருந்தவனைப் பற்றி அந்த ஒரு வார்த்தையை அவனால் சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கு மேல பலகை போடாம ஏறினாரே, அது அவரே எடுத்த முடிவா?"

"இல்ல" என்றான் வெண்டல். "அவன் கேட்டான். பலகை கொண்டு வரட்டுமான்னு கேட்டான் மேடம். நான்தான் வேணாம்னேன். நான் சொன்னா அவன் கேப்பான். அவன் தனி ஆளெல்லாம் இல்ல. முதல்ல சொன்னேனே, அது பொய். அழிக்க வேணாம், அதுவும் இருக்கட்டும். லாமர் என் வேலையாள். எங்கிட்ட யாரும் இல்லன்னு நான் எழுதிக்குடுத்ததும் பொய்."

அந்தப் பெண் பதிவுக் கருவியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, வளர்ந்த மனிதன், முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ராண்டி பயமுறுத்தியது எல்லாம் ஏறக்குறைய நடந்தது. லைசென்ஸ் போனது. வேன் கைமாறியது. வெண்டல் இப்போது ஒரு மரக்கடைக் கிடங்கில் சரக்கு இறக்குகிறான். காப்பீட்டுக் கம்பெனி முதலில் முரண்டு பிடித்தாலும், கடைசியில் லாமரின் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. வேலைக்குப் போகமுடியாத காலத்துக்கு உண்டான பணமும் வருகிறது.

நடைப் பயிற்சி நிலையத்துக்கு வெண்டல் பலமுறை போனான். ஆரம்பத்தில் லாமர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் உட்காரச் சொன்னான்.

"விழுந்ததுக்கு உன்னை நான் குத்தம் சொல்லல. பலகை வேணாம்னு நீ சொன்னே, எனக்கும் மூளை இருக்கு, நானும் ஏறினேன். அது போவட்டும்" என்றான் லாமர். கொஞ்சம் மூச்சு வாங்கினான். "என்கூட உக்காந்து தின்னுக்கிட்டே, எங்கிட்ட யாருமே இல்லன்னு எழுத உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? இடுப்பு வலிக்கு மாத்திரை குடுக்கறாங்க. இதுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டேங்கறாங்க."

"மன்னிச்சுருன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல" என்றான் வெண்டல்.

"கேக்காத. இப்ப கேட்டா இல்லம்பேன். சும்மா உக்காந்திரு."

வெண்டல் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அவன் போன் அடித்தது. அதே ஊரில் சுவரில் டிவி மாட்டும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியிருந்த கைல் என்பவன் பேசினான். குரல் பக்கத்துக் கட்டில்வரை கேட்டது. "அண்ணே, அந்த ஏரிக்கரை கம்பெனியில சான்றிதழ் கேக்கறாங்க. சல்லிசா ஒரு பாலிசி எடுத்துக் குடுப்பாரே ராண்டி, அவர் நம்பர் வேணும். பேருக்கு ஒண்ணு இருந்தா போதும்."

வெண்டல் லாமரைப் பார்த்தான். லாமர் கண்ணை எடுக்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்கூட வேலைக்கு யாரு வர்றா கைல்?"

"மரியோன்னு ஒருத்தன். அவன் எதுக்கு இப்ப?"

"அவன் பேரைத்தான் முதல்ல எழுதணும். நமக்காக ஒருத்தன் ஏணியில ஏறினா, அவன் விழுந்தா தாங்கறது நம்ம கடமை. காப்பீடுங்கறது வாசல்ல நீட்டி உள்ள போறதுக்கு இல்லப்பா, விழுந்தவனைத் தூக்கி நிறுத்தறதுக்கு. அதுல மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு காசும் அவன் எலும்புலருந்து எடுக்கற காசு. நான் அப்படி எடுத்தேன். அவன் இதோ என் பக்கத்துலதான் படுத்திருக்கான், வேணும்னா அவனையே கேளு" என்று சொல்லி, போனை லாமரிடம் நீட்டினான் வெண்டல்.

லாமர் கொஞ்சம் தயங்கி, கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.