கொதிக்காத ஜாடி

என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம்தான் போனது, அதிகாரம் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் யார் ஜன்னல் பக்கம், யார் கதவுப் பக்கம் என்பதை இன்றைக்கும் அவர்தான் சொல்லுவார். "உள்ள தள்ளி உட்காரு, பின்னாடி எடம் இருக்கு பாரு" என்று அவர் கை காட்டும்போது வாயில் விசில் இல்லாததுதான் குறை.

குளிர்காலம் முடிகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் மொத்தமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். குளிருக்காகச் சேர்த்து வைத்ததில் மிச்சம் மீதி இருப்பதையெல்லாம் அன்றைக்கே சமைத்துத் தீர்த்துவிட வேண்டும். என் மாமியார், அத்தை, இறந்துபோன பிறகு வந்த முதல் விருந்து இது. அதனால் சமையல் மொத்தமும் என் தலையில் விழுந்தது.

விடிந்ததிலிருந்து நான் அடுப்படியில்தான் நின்றேன். கோழி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. பூசணிக்காய் சூப் இறக்கியாகிவிட்டது. கேக்குக்கு ஆப்பிள் நறுக்கினேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, மனசு மட்டும் மாமாவின் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அங்கே அலமாரியில் பூட்டிக் கிடந்தது அத்தை போட்ட பீன்ஸ் ஜாடி. அதை என் கையில் தராமல் அவர் நேராக மேஜைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். வெயில் காலத்தில் பீன்ஸ் மலிவாக வரும்போது அத்தை கூடை கூடையாக வாங்குவாள். காம்பு கிள்ளி, உப்புத் தண்ணீரோடு கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, பெரிய பானையில் வேகவைத்து, மூடியை இறுக்கி வைப்பாள். குளிர்கால விருந்தில் அந்த ஜாடி அப்படியே மேஜைக்கு வரும். எல்லார் கண்ணுக்கும் முன்னால் அத்தை மூடியைத் திறப்பாள். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "பாத்தீங்களா, அன்னைக்கு மூடினது, இன்னைக்குத் தொறந்தா செடியில இருந்து இப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்கு. அடுப்பே காட்ட வேண்டாம். இந்தக் கை யாருக்கு வரும்?" என்பார். வருஷா வருஷம் அதே வசனம்.

அது அப்படியே சுத்தப் பொய், ஆனால் மாமாவின் பொய் இல்லை, அத்தையின் பொய். விருந்துக்கு முன்னால் பூனை வந்துவிடும் என்று சாக்குச் சொல்லி அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. ஜாடியைத் திறந்து அத்தனையையும் பாத்திரத்தில் கொட்டி, தளதளவென்று கொதிக்க விடுவாள். பிறகு அகலமான தட்டில் ஆற வைத்து, ஒவ்வொன்றாக ஜாடிக்குள் நிமிர்த்தி அடுக்கி, மூடியைத் திருகித் துடைத்து, ஒன்றுமே நடக்காதது போலக் கொண்டுபோவாள். மேஜையில் திறக்கும்போது கட்டை விரலால் மூடியின் நடுவில் ஒரு அழுத்து அழுத்துவாள். 'டக்' என்று சத்தம் வரும். எல்லாரும் கை தட்டுவார்கள்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம், கதவுக்கு உள்பக்கம் நிற்கிற உரிமை எனக்குக் கிடைத்தது. "ஏன் அத்தை இந்த நாடகம்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தங்கை, கல்யாண வயசுப் பெண், இதே மாதிரி ஒரு ஜாடியைத் திறந்து ஆசைக்கு நாலு வாய் தின்றுவிட்டுச் செத்துப்போனாளாம். "பாக்க நல்லாத்தான் இருக்கும். வாசனையும் கெட்டிருக்காது. உள்ள விஷம் இருக்கா இல்லையான்னு நாக்குக்குத் தெரியாதும்மா. நல்லாக் கொதிச்சாத்தான் அது முறியும். கொதிக்காம ஒரு வாய் யாருக்கும் போகக் கூடாது. ஆனா இதை உங்க மாமா கிட்டச் சொல்லிடாத. அந்த மனுஷனுக்கு ஊர்ல பெருமையா சொல்லிக்க வேற என்ன இருக்கு?" என்றாள்.

கடைசி ஜாடிகளைப் போடும்போதே அவளுக்கு உடம்பு சரியில்லை. நிற்க முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூடி போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்ததும் மாமா செய்த முதல் காரியம், அடுப்படியில் மிச்சமிருந்த ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அலமாரியில் பூட்டியது. புடவைகளைக்கூட மகளுக்குக் கொடுத்துவிட்டார். ஜாடியை யாரையும் தொட விடவில்லை.

விருந்தன்று காலையில் காபி கொண்டுபோகும் சாக்கில் அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடிக் கிடந்தது, குரலும் கம்மிப்போயிருந்தது. அழுதிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, அந்த ஜாடியைக் குடுங்க. தொடைச்சு நல்ல தட்டுல வச்சு எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம்மா. நானே கொண்டு வருவேன், நானே தொறப்பேன். அவ செஞ்ச மாதிரியே."

"கொஞ்சம் சூடு பண்ணிட்டா நல்லா இருக்கும் மாமா..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ கை பட்டதை அடுப்புல வைக்கச் சொல்றியா? அவ என்னைக்காவது வச்சிருக்காளா?" என்றார். கண் கலங்கியிருந்த மனுஷனிடம், உங்கள் மனைவி வருஷா வருஷம் உங்களை ஏமாற்றினாள் என்று எந்த வாயால் சொல்வது? வெளியே வந்துவிட்டேன். இன்னும் நேரம் இருக்கிறது, மேஜைக்கு வந்ததும் எப்படியாவது பிடுங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் என்றால் என் நாத்தனாரும் அவள் புருஷனும்தான். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூட வாத்தியார், எதற்கும் ஒரு ஜோக் கைவசம் வைத்திருப்பார். மேஜையில் என் வீட்டுக்காரர், நாத்தனார், வாத்தியார் அண்ணன், ஒரு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியில் என் மகள். வழக்கமாக அத்தை உட்காரும் இடத்தில் யாரையும் உட்கார வைக்காமல் மாமா காலியாக விட்டிருந்தார்.

"ரிசர்வேஷன் சீட்டா மாமா?" என்று அண்ணன் ஆரம்பித்தார். நாத்தனார் மேஜைக்கு அடியில் மிதித்திருக்க வேண்டும், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மாமா ஜாடியோடு வந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் பார்த்துப் பார்த்து வைத்து வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பீன்ஸ் பச்சையாகத்தான் தெரிந்தது. தண்ணீரும் கலங்கவில்லை. கெட்டுப்போயிருந்தால் ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் என்னை நடுங்க வைத்தது.

மூடியைத் திருகினார். விரல் வழுக்கியது. மறுபடி திருகினார். 'டப்' என்று அறையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்.

"அடேங்கப்பா, அம்மா தொறக்கறப்ப இவ்வளவு சத்தம் வந்ததே இல்லையே!" என்றாள் நாத்தனார். எல்லாரும் கை தட்டினார்கள். கட்டை விரல் சத்தத்துக்கும் நிஜமாக அடைத்த மூடி திறக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"மாமா, ஒரு நிமிஷம், அதை இப்படிக் குடுங்க" என்று கை நீட்டினேன்.

"இரும்மா. மொத வாய் வீட்டுல சின்னதுக்கு" என்றார். அதுவும் எங்கள் வழக்கம்தான். ஸ்பூனில் எடுத்து என் மகளின் வாய்க்கு நேராக நீட்டினார். அவள் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

எப்படி மேஜையைச் சுற்றிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. ஸ்பூனைத் தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. பீன்ஸ் மேஜை விரிப்பில் சிதறியது. குழந்தை வீறிட்டு அழுதாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

சொன்னேன். கதவு, பூனை, பாத்திரம், தட்டு, கட்டை விரல், அத்தையின் தங்கை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது.

"செத்துப்போன எங்கம்மாவைப் பொய்க்காரின்னு சொல்றியா?" என்றாள் நாத்தனார். "அவங்க உயிரோட இருந்தப்ப சொல்ல வேண்டியதுதானே? இப்ப அவங்க வந்து பதில் சொல்ல மாட்டாங்கன்னுதானே?"

"எல்லாத்துலயும் நீதான் பெரியவளா இருக்கணும் உனக்கு" என்றார் என் வீட்டுக்காரர். அது சுருக்கென்று தைத்தது. சண்டை போட நேரமில்லை.

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க. கொதிக்க வச்சு எடுத்துட்டு வர்றேன், அதுக்கப்புறம் ஜாடியோட சாப்பிடுங்க. கொதிக்காம என் பொண்ணு வாய்லயும் போகாது, உங்க யார் வாய்லயும் போகாது."

ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தேன். மாமா தடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். கோபத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

பாத்திரத்தில் கொட்டினேன். தீயை முழுக்கத் திருப்பினேன். கூடத்தில் நாத்தனார் விசும்புவதும், அண்ணன் ஏதோ சமாதானம் சொல்வதும் கேட்டது. மனசு லேசாகிவிட்டது. எப்படியும் யாரும் சாப்பிடவில்லை. இனி என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். தண்ணீர் குமிழியிட ஆரம்பித்தது. பிறகு பாத்திரத்தின் ஓரம் வரை மேலேறிக் கொதித்தது. பச்சை வாசனை போய், கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புகையும் கலந்த ஒரு வாசனை ஆவியோடு எழும்பி வீடு முழுக்கப் பரவியது.

கூடத்தில் பேச்சு நின்றது. நாற்காலி நகரும் சத்தம். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். மூச்சை இழுத்து இழுத்து மோந்து பார்த்தார்.

"இதுதாம்மா" என்றார். நாக்கு தடித்தது போல வார்த்தை குழறியது. "விருந்தன்னைக்கு வர்ற வாசனை இதுதான். கோழில இருந்து வருதுன்னு நான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

"அத்தை கதவைச் சாத்திட்டுக் கொதிக்க வைப்பாங்க மாமா. அந்த வாசனைதான்."

தலையை ஆட்டினார். கோபம் இல்லை. முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்புகூட வந்தது. "கள்ளி" என்றார். பிறகு, "அப்ப அதனாலதான்... நேத்து சாப்பிட்டப்ப இந்த ருசியே வரல. அவ இல்லாததால ருசி போயிடுச்சுன்னு நெனச்சு அழுதுட்டேன்."

"நேத்தா? எதை மாமா சாப்பிட்டீங்க?"

"அலமாரில ரெண்டு ஜாடி இருந்துச்சும்மா. எல்லாரும் வந்துட்டா எனக்குன்னு எங்க மிஞ்சும்? நேத்து மத்தியானம் நீ கடைக்குப் போயிருந்தப்ப ஒண்ணைத் தொறந்தேன். அவ கையால கடைசியா சாப்பிடுறதாச்சேன்னு ஒண்ணு விடாம வழிச்சுத் தின்னுட்டேன்."

கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. காலையில் கம்மியிருந்த குரல், மூடியில் வழுக்கிய விரல், கால் பார்த்து வைத்த நடை என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா ஒரு அடி உள்ளே வைத்தார். இமைகள் பாதி மூடிக் கிடந்தன. அதைத் தூக்க முடியாமல் தலையையே பின்னால் சாய்த்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் ஆசையாகப் பார்த்தார்.

"அவளும் வந்துட்டாளா?" என்றார். "உன் பக்கத்துல நிக்கிறாளே. ரெண்டு பேரா நின்னு சமைக்கிறீங்க."

என் பக்கத்தில் யாரும் இல்லை. அத்தை அன்றைக்குச் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மேஜையில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தங்கைக்கு முதலில் கெட்டது பார்வைதான். ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். மறுநாள் அவளுக்கு மூச்சு நின்றுபோனது.

"வண்டியை எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும், சீக்கிரம்!" என்று கத்தினேன். கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், "இப்ப என்னடி புதுசா?" என்று சலித்துக்கொண்டார். நான் ஓடிப்போய் மாமாவைத் தாங்கிப் பிடித்தேன். அவர் என் தோளில் மொத்தப் பாரத்தையும் சாய்த்தபடி, என்னைத் தாண்டிப் பக்கத்தில் பார்த்து, "நீயும் வா" என்றார்.