வரவேற்புப் புகை

பட்டுப்புழு கூடு கட்டுவதற்குள் நாலு முறை தூங்கி எழும். அந்தத் தூக்கத்தையெல்லாம் வளர்க்கிறவளின் தூக்கக் கணக்கில் கழித்துவிடும். நாலாவது தூக்கம் முடிந்து எழுந்த புழுக்கள் இரவு பகல் பார்க்காமல் தின்றுகொண்டிருந்ததால், சுகுணா நின்றபடியே கனவு காணப் பழகியிருந்தாள். கையில் மல்பெரிக் கிளை இருக்கும். கண்ணுக்குள் மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும். ஜன்னல்தோறும் புழுக்கள் எட்டிப் பார்த்து, ஏறலியா என்று கேட்கும்.

"இலை போட்டுட்டு வர்றேன், இருங்க," என்பாள் சத்தமாகவே.

"யாருகிட்ட பேசுற?" என்பான் கணவன் ராஜா.

"உங்க சொந்தக்காரங்ககிட்டத்தான்."

ராஜா அவற்றைப் புழு என்று சொல்வதை நிறுத்தி, பயோடெக் என்று சொல்லத் தொடங்கியிருந்தான். தருமபுரியில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்குப் பெங்களூரிலிருந்து டாக்டர் சந்திரமோகன் வந்திருந்தார். பட்டுக்கூட்டிலிருந்து புரதத்தைப் பிரித்து, மெல்லிய ஏடு போலாக்கித் தீக்காயத்தின் மேல் ஒட்டுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. சேலைக்குப் போன பட்டு இனிமேல் தோலுக்கும் போகும் என்றார். மருந்துக்கான கூடு என்பதால் பூச்சிமருந்தின் வாடைகூடப் படாத ஷெட் வேண்டும், ஒன்றை நேரில் வந்து பார்க்கப் போகிறேன் என்றார். மற்றவர்கள் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராஜா கையைத் தூக்கிவிட்டான். அன்றிலிருந்து அவன் பயோடெக் ஆள்.

ஷெட்டுக்கு 'உயிரித் தொழில்நுட்ப வளாகம்' என்று பெயர் வைத்து வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினான். அதில் அவன் வெள்ளைக் கோட்டு போட்டு மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் நின்றான். தலை அவனுடையது. மற்றதெல்லாம் யாரோ வெள்ளைக்காரருடையது. பின்னால் மலைப்பாம்பு பருமனில் ஒரு பச்சைப் புழு.

"இது முருங்கை மரத்துல வர்றதாட்டம் இருக்குதுங்க," என்றாள் சுகுணா.

"நம்முளுது வெளுப்பா இருக்குது, பேனர்ல எடுக்காதுன்னு கடைக்காரன் சொல்லிட்டான்."

அவளுக்குக் கவலை வேறு. போன இரண்டு முறையும் கூடு கட்டுவதற்கு முன்பே நோய் வந்து புழுக்கள் மொத்தமாகச் செத்துப் போயின. இந்தத் தடவையும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டுவிடுவதாக ராஜா சொல்லிவிட்டான். மரவள்ளி நல்ல பயிர்தான், யாரையும் தூங்கவிடாமல் அடிக்காது. ஆனால் கிழங்கு மண்ணுக்குள் தன் பாட்டுக்கு இருக்கும், யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று அதற்குக் கவலை இல்லை. சுகுணாவுக்குப் புழுதான் வேண்டியிருந்தது.

டாக்டர் வருகிற நாள் உறுதியானதும் வரவேற்புக் கூட்டம் நடந்தது. ஊராட்சித் தலைவர் நிர்மலாதேவி. தலைவர் வேலையைப் பார்க்கிறவர் அவருடைய வீட்டுக்காரர் அன்பு. மேளம், மாலை, பூரணகும்பம் எல்லாம் முடிவான பிறகு அன்பு கேட்டார்: "வேற எதுனா விட்டுட்டமா?"

"கொசு," என்றான் ராஜா. "சாயங்காலம் வர்றாருங்கண்ணா. நம்ம ஊருக்கு வந்து டெங்கு புடிச்சுதுன்னா பெங்களூரு பூராவும் நம்ம பேரு நாறிரும்."

"கரெக்டு. பஞ்சாயத்து ஆளு லியோனை விட்டுப் புகை அடிச்சுரலாம்."

"நம்ம வூட்டுப் பக்கம் கொஞ்சம் தாராளமாவே அடிக்கச் சொல்லுங்க."

பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு மருந்தடித்தாலே சண்டைக்குப் போகிறவன் ராஜா. ஆனால் அது பூச்சிமருந்து. இது மரியாதை.

டாக்டர் வருகிற நாள் சாயங்காலம் சுகுணா இலை போட்டுக்கொண்டே வாசல் வழியாகப் பார்த்தாள். தெருமுனையில் ஒரு வெள்ளை மேகம் இறங்கி, அவசரமில்லாமல் நடந்து வந்தது. உள்ளே ஏதோ உறுமியது. வேப்பமரம் முதலில் கரைந்தது, பிறகு மாட்டுக் கொட்டாய். மேகத்துக்கு வெளியே பூரணகும்பம் மட்டும் தனியாக மிதந்து வந்து, மறுபடியும் உள்ளே போய்விட்டது. எங்கே அடிக்கிறோம் என்று தெரியாமல் மேளம் அடித்தது. இன்றைக்குக் கனவு நன்றாக இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போது டீசல் நாற்றம் வந்தது. அவளுடைய கனவில் அதுவரை எதுவும் நாறியதில்லை.

"ஏங்க, அது என்ன புகை?"

வாசலில் தலை சீவிக்கொண்டிருந்த ராஜா சந்தோஷமாகத் திரும்பினான். "கொசு மருந்து. நான்தான் சொல்லி..."

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. பூச்சியைக் கொல்கிற புகைக்கு, பூச்சிக்கும் பயோடெக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

இருவரும் ஓடினார்கள். கோணிகளைத் தொட்டியில் முக்கி ஜன்னல்களில் அடைத்தார்கள். கோணி தீர்ந்ததும் சேலைகள், சேலையும் தீர்ந்ததும் ஃப்ளெக்ஸ். வெள்ளைக் கோட்டு ராஜா இப்போது உள்பக்கமாகத் திரும்பி, புழுக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

நிறுத்தச் சொல்லிக் கத்தியது மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்தியது வேறு விஷயம். புகை அடித்த லியோன் முகமூடி, பெரிய கண்ணாடி, கையுறையோடு, தோளில் மெஷின் மாட்டி மேகத்திலிருந்து வெளிப்பட்டான். விஞ்ஞானி என்றால் எப்படி இருப்பார் என்று அன்புவுக்கு ஒரு எண்ணம் இருந்தது. "வருக வருக," என்று மாலையைப் போட்டுவிட்டார். கழுத்தில் மாலை விழுந்தபின் சத்தம் போடுவது முறையல்ல என்று லியோன் மெஷினை அணைத்தான். அன்பு உடனே பேச ஆரம்பித்தார். லியோன் அடக்கமாகக் கேட்டுக்கொண்டான்.

அதே நேரத்தில் அரைக்கைச் சட்டையும் தோள்பையுமாக ஒருவர் இருமிக்கொண்டே ஷெட் கதவைத் தட்டினார். சுகுணா ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள்.

"கரண்ட் ஆபீஸுங்களா?"

"சந்திரமோகன்..."

"யாரா இருந்தாலும் சட்டையைக் கழட்டி வெளிய போட்டுட்டு வாங்க. புகை ஏறியிருக்குது. சீக்கிரம், கதவு திறந்து கிடக்கக் கூடாது."

பெங்களூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் பனியனோடு உள்ளே நுழைந்தார். ராஜா கும்பிட்டான். தன் சட்டையை ஏற்கெனவே கழற்றியிருந்ததால் தோளில் போட ஒரு துண்டைத் தேடினான்.

உள்ளே இருட்டு. போன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஜன்னலோரத் தட்டில் புழுக்கள் பச்சையாகக் கக்கிச் சுருண்டு கிடந்தன. சுகுணா அந்தத் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். மற்ற தட்டுகளில் தின்கிற சத்தமே இல்லை. இலைமேல் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தூக்கி, காற்றில் எதையோ தேடுவதுபோல் மெல்ல ஆட்டின. தட்டு முழுவதும் ஆடியது.

"போச்சு," என்றான் ராஜா. "நானே கூப்புட்டு வச்சு அடிக்கச் சொன்னேன்."

"நரம்பு பாதிச்சா இந்த மாதிரி..." என்று டாக்டர் தொடங்கினார்.

"எடுத்துப் பாத்துச் சொல்லுங்களேன்."

டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் கூடுதாம்மா பாத்திருக்கேன். உயிரோட தொட்டதில்ல."

சுகுணா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சாகும்போது கையிலாவது இருக்கட்டும் என்றுதான் எடுத்தாள். போன் வெளிச்சம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. உள்ளே இலையின் பச்சை கொஞ்சமும் இல்லை. புழு முழுவதும் தேன் நிறம். அடுத்த தட்டும் அப்படித்தான் இருந்தது, அதற்கடுத்ததும். இருட்டில் வரிசை வரிசையாக மங்கிய விளக்குகள் தலையாட்டின. கையிலிருந்ததைத் திரும்ப விட்டபோது அது முழுதாகப் போகவில்லை. அவள் விரலுக்கும் அதன் வாய்க்கும் நடுவில் ஏதோ மினுங்கியது. விரலை இழுத்தாள். அது நீண்டது. நூல்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "சாகலீங்க. பழுத்துருச்சு. கூடு கட்ட இடம் தேடுதுங்க."

நாளைக்குத்தான் பழுக்கும் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். பழுத்த புழு யாருக்காகவும் நிற்காது, கிடைத்த இடத்தில் நூலைவிட்டு வீணாக்கிவிடும். சந்திரிகை எனப்படும் மூங்கில் தட்டுகளை ராஜா இறக்கினான். மூங்கில் பட்டைச் சுருளின் இடுக்குகளில் ஒவ்வொரு புழுவாக எடுத்து விட வேண்டும். கை போதவில்லை.

"நீங்களும் எடுங்க சார்," என்றாள் சுகுணா.

"க்ளவுஸ் இருக்கா?"

"கடிக்காதுங்க."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு முதல் புழுவை எடுத்தார். மூடிய கண்ணோடு கொஞ்ச நேரம் நின்றார். "குளுந்திருக்கு," என்றார் பிறகு. அடுத்ததைக் கண் திறந்தே எடுத்தார்.

வெளியே கைதட்டல் கேட்டது. ஒரு சந்திரிகை நிறைந்து அடுத்தது வந்தபோது டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்தக் கூட்டை நான் எடுக்க முடியாதும்மா. புகை பட்டிருக்கு. காயத்துக்கு ஆகாது."

ராஜாவின் கை நின்றது.

"சேலைக்கு ஆகுமில்லீங்க?" என்றாள் சுகுணா.

"அதுக்குத் தாராளமா ஆகும்."

அவள் தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள். ராஜா சந்திரிகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். முதலில் விட்ட புழு தன்னைச் சுற்றி வெள்ளையாக ஏதோ வரையத் தொடங்கியிருந்தது. இன்னும் உள்ளே தெரிந்தது.

"அடுத்த புழு முட்டைக்கு நாளைக்கே சொல்லிரட்டுமா?" என்றான். "டாக்டர் சார் மறுபடி வந்து பாப்பாரு."

"பேனர் எதுவும் கட்டாம, யாருகிட்டயும் சொல்லாம இருந்தா வர்றேன்," என்றார் டாக்டர்.

"அடுத்ததை அப்பறம் பாக்கலாம்," என்றாள் சுகுணா. இரண்டு கையும் நிறைய அள்ளி ராஜாவிடம் நீட்டினாள். "மொதல்ல இதுங்களை வைங்க."