அறுபத்து நாலா, அறுபத்தைந்தா

முட்டை ஆறிப்போகிறது என்று லவோன் மூன்று முறை சொல்லிவிட்டாள். முதல் முறை மனுஷி பேசுகிற மாதிரி. இரண்டாம் முறை, பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரலில். மூன்றாம் முறை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். வெண்டல் தலையைத் தூக்கவில்லை. பட்டப்பகலில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அந்த வெள்ளி டாலரை இப்படிச் சாய்த்தும் அப்படிச் சாய்த்தும் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டின பெண்டாட்டியை இந்த மனுஷன் என்றைக்காவது இப்படி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருப்பானா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. தட்டை நகர்த்தி அவன் முழங்கையில் இடித்தாள். அப்போதுதான் நிமிர்ந்து, "கூப்பிட்டிருக்கலாமே" என்றான்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்த டாலர் அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கும்போதே முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. எழுபதுக்கு அறுபத்து நாலு என்று தரம் பார்க்கிறவர்கள் போட்ட சீட்டும் உள்ளேயே இருந்தது. அறுபத்து நாலு என்றால் எழுநூறு டாலர் கிடைக்கும். அறுபத்தைந்து என்றால் நாலாயிரத்துக்குப் பக்கம். அந்த எண்ணைப் போடுகிறவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஐந்து விநாடி பார்த்துவிட்டுப் போடுகிறான். வெண்டல் நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மறுபடி தரம் பார்க்கப் பெட்டியோடு அனுப்பினால் பழைய எண்ணைப் பார்த்துவிட்டு அதையேதான் போடுவான்கள், பெட்டியை உடைத்து வெறும் காசாக அனுப்ப வேண்டும் என்பது அவன் கட்சி. உடைத்தபின் அறுபத்து மூன்று என்று வந்தால் யாரிடமும் போய் அழ முடியாது. முந்நூறு டாலரோடு கதை முடிந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்பார்கள். இந்த வீட்டில் கைவிடப்பட்டவள் பெண்டாட்டி.

ஏனென்றால் அந்தக் காசுதான் அவன் காது மெஷின். ஹாவர் ரயில் பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் என்ஜின்களுக்கு நடுவில் நின்றவனுக்குக் காது போகாமல் என்ன செய்யும்? கிரேட் ஃபால்ஸில் பரிசோதித்த பெண் இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். உசத்தியான ஜோடி நாலாயிரம். மொத்தக் கடையில் விற்கிறது ஆயிரத்து ஐந்நூறு. லவோனிடம் தொள்ளாயிரம் இருந்தது. காசை விற்று எழுநூறு போட்டால் தீர்ந்தது விஷயம். வாங்கினால் உசத்தியானதுதான் வாங்குவேன், அறுபத்தைந்து வரட்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். சரி, அனுப்பு என்றால், ஒருவேளை அறுபத்து மூன்று வந்துவிட்டால் என்பான். அனுப்பவும் மாட்டான், விற்கவும் மாட்டான். அந்த எண் முடிவாகாத வரைக்கும் தான் கிழவனாக வேண்டியதில்லை என்று நினைக்கிறானோ என்று அவளுக்குச் சில நாள் தோன்றும். தோன்றி என்ன செய்ய?

போன ஜனவரியில் பின்வாசல் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். கணுக்கால் திரும்பிக்கொண்டது. இருபது அடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், அவன் விளக்கடியில் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து நிமிஷம் கத்தினாள். இரண்டு வீடு தள்ளியிருந்த நாய் கேட்டுக் குரைத்து, நாய்க்காரன் வந்து தூக்கினான். பயந்து வெளுத்துப்போன வெண்டல் அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஐஸ் ஒத்தடம் கொடுத்தான். மறுநாள் காலையில் திரும்பவும் பூதக்கண்ணாடியை எடுத்தான்.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் நாணயச் சந்தை. லவோன் கூடவே போனாள், விட்டால் மறுபடியும் யோசித்துவிட்டு வருவான் என்று. ஹார்லன் முப்பது வருஷமாக நாணய வியாபாரம் செய்கிறவன், பொய் சொல்லத் தெரியாத முகம். பெட்டியை விளக்குக்குக் கீழே ஒரு தடவை திருப்பினான்.

"நல்ல அறுபத்து நாலு. அவ்வளவுதான் வெண்டல். காசுல இருக்கிற இந்தம்மா காதுக்கு மேல முடி பாரு, அச்சு சரியா விழல. நியூ ஆர்லியன்ஸ் காசு எல்லாமே அப்படித்தான். உடைச்சிடாதே. எழுநூறு தர்றேன், இப்பவே எடுத்துக்கோ."

அதை அவன் மேசையில் குனிந்து, வெண்டலின் முகத்துக்கு நேராகச் சொன்னான். கேட்காமல் இருக்க வழியில்லை. வெண்டல் பெட்டியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யோசிச்சுச் சொல்றேன் என்றான். பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். அந்தச் சந்தையில் எல்லாருக்கும் அந்த வாக்கியம் மனப்பாடம்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் லவோன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எப்பவோ அடிச்ச காசு, அதுல இருக்கிறவ காதையே நாலு வருஷமா உத்து உத்துப் பாக்கிறே. உன் காதைக் கொஞ்சம் பாரேன் வெண்டல். நான் ஒருத்தி உன்கூட இருக்கேன். எனக்குப் பேச ஆளில்ல."

இந்தத் தடவை கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அவள் உதடு அசைவதை ஓரக்கண்ணால் பார்த்தவன், குளிருகிறது என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து ஹீட்டரைக் கூட்டி வைத்தான். வெந்நீர் மாதிரி காற்று அவள் காலில் அடித்தது. அழுவதா, சிரிப்பதா, வண்டியை விட்டுக் குதிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோதுமை வயல்களில் பனி திட்டுத்திட்டாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

திங்கட்கிழமை மதியம் போன் அடித்தது. வெண்டலுக்குப் போன் அடிப்பது கேட்காது என்பதால் வழக்கம்போல அவள்தான் எடுத்தாள். ஹார்லன் பேசினான். பில்லிங்ஸில் ஒருத்தருக்குத் தொகுப்பில் இந்த ஒரு காசுதான் குறைகிறதாம். அறுபத்து நாலே போதுமாம்.

"ஆயிரத்து நூறு தர்றாரும்மா. பெட்டி முத்திரை கலையாம இருக்கணும், அது ஒண்ணுதான். இன்னிக்கே கொண்டாங்க, மனசு மாறிடப்போறாரு."

வந்துவிடுகிறோம் என்று சொல்லிப் போனை வைத்தாள். தொள்ளாயிரமும் ஆயிரத்து நூறும் இரண்டாயிரம். மெஷின் வாங்கிய பிறகு மிச்சம்கூட இருக்கும். இன்று ராத்திரியே தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவன் முன்னால் வைத்துவிடலாம், இல்லை, இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்று சமையலறை ஜன்னல் வழியாக அவனைத் தேடினாள். கார் ஷெட்டின் கதவு திறந்திருந்தது. வெண்டல் வேலை மேசை முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மேசையில் துண்டு விரித்திருந்தது. கையில் சுத்தியல் இருந்தது.

நாலு வருஷம் முடிவெடுக்காதவன் இன்றைக்கு எடுத்துவிட்டான்.

செருப்புகூடச் சரியாகப் போடாமல் ஓடினாள். "வெண்டல்! வேண்டாம்! வித்தாச்சு!" என்று முற்றம் முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினாள். எதிர்வீட்டில் ஒருத்தி திரையை விலக்கிப் பார்த்தாள். இரண்டு வீடு தள்ளி நாய் குரைத்தது. செவிடன் காதில் ஊதின சங்கு என்று சும்மாவா சொன்னார்கள். அவள் ஷெட் வாசலில் கால் வைத்த நேரத்தில் சுத்தியல் பெட்டியின் ஓரத்தில் இறங்கியது.

பிளாஸ்டிக் பிளந்தது. காசு துள்ளிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. வெள்ளிக்கே உரிய அந்தச் சத்தம், கணீரென்று, ஷெட் முழுக்க நிறைந்தது. பிறகு உருண்டது. அவளுக்கு ஒவ்வொன்றும் கேட்டது: அவன் காலைத் தாண்டி, டயர்களை உரசி, வலது மூலையில் ஃப்ரீசருக்கு அடியில் போய், சுற்றிச் சுற்றிச் சுருங்கி அடங்கியது.

வெண்டல் துண்டை உதறினான். சில்லுகளை விலக்கினான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். மண்டியிட்டு இடது பக்கம், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தான். அந்தப் பக்கம் காசு போகவே இல்லை. துழாவிக்கொண்டே திரும்பியவன் வாசலில் மூச்சிரைக்க நிற்கிறவளைப் பார்த்தான்.

"லவோன், எந்தப் பக்கம் போச்சு? உனக்குக் கேட்டுச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். தொண்டை புண்ணாக எரிந்தது. மூடிக்கொண்டாள். காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

வெண்டல் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்தான். பெயிண்ட் தூசி படிந்த வலது கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தான்.