மேனேஜரின் உறுமல்

மேனேஜர் கடித்துவிட்டார். அதுவும் யாரை? வேளா வேளைக்குத் தட்டு நிறையச் சோறு வைக்கிற வீட்டுக்கார அம்மாவை!

மேனேஜர் என்பது நாய். வாசற்படியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் என்பதால் சலூன்காரர் வைத்த பெயர் அது. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி வழக்கம்போல அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையைத் தடவியிருக்கிறாள். சடாரென்று திரும்பிக் கையைக் கவ்விவிட்டது. இரண்டு பல் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஊசி போட்டாயிற்று, கட்டும் போட்டாயிற்று, மனசுதான் ஆறவில்லை.

"ஒரு உறுமல் இல்ல, ஒண்ணும் இல்ல. வாலை ஆட்டிக்கிட்டே கடிச்சுச்சுங்க! கூடவே இருந்து குழி பறிக்கிறதுன்னா இதுதான்" என்று அழுதாள். ஐந்து வருஷம் மடியில் போட்டு வளர்த்தவள். அவள் அழுதது கை வலிக்காக இல்லை.

விஷயம் கேட்டதும் அவள் அண்ணன் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன். நம்ம குடோன்ல கட்டிப் போட்டுடலாம். அங்க கடிக்கிற நாய்தான் வேணும்."

குடோன் என்றால் தகரக் கூரையும் இரண்டு முழச் சங்கிலியும்தான். சலூன்காரர் அதைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் "சரி மச்சான்" என்றார். பெண்டாட்டி கையில் கட்டு இருக்கும்போது வேறென்ன சொல்வார் மனுஷன்?

உறுமல் எங்கே போயிற்று என்பது அவருக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால், தலையைத் தொட்டாலே மேனேஜர் உறுமத் தொடங்கியது. "யாரைப் பாத்துடா?" என்று செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் நாலு போடு போட்டார். ஒரே வாரத்தில் உறுமல் அடங்கிப்போயிற்று. கத்திரிக்குச் சமமாக வாயும் ஓடுகிறவராயிற்றே! கடைக்கு வந்த ஒரு தலையையும் விடாமல், நாயைத் தான் திருத்திய கதையைச் சொல்லித் தீர்த்தார்.

சனிக்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம். நாற்காலியில் வங்கிக் காவலாளி, சவரத்துக்கு. கத்தி தாடைக்குக் கீழே இறங்கியதும் அவருடைய இடது தோள் அரை விரல் மேலே ஏறியது. சலூன்காரர் உடனே கத்தியை எடுத்தார்.

"எரியுதாண்ணே?"

"சேச்சே, இல்லப்பா. நீ போடு" என்று காவலாளி சிரித்தார்.

சலூன்காரர் நம்பவில்லை. நுரையைத் துடைத்துப் பார்த்தால், மயிருக்கடியில் சிவந்து ஒரு சின்னக் கட்டி. இருபத்திரண்டு வருஷ அனுபவம். நாற்காலியில் உட்கார்ந்தவனின் வாயை அவர் என்றைக்கும் கேட்டதில்லை. தோளையும் கழுத்தையும்தான் கேட்பார். பயந்தவன் உதட்டை நக்குவான், கொட்டாவி விடுவான், சிரிக்கக்கூடச் செய்வான்.

கொட்டாவி என்று நினைத்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் மேனேஜர் கொட்டாவி விடும். செல்லத்துக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்சுவார்கள். உதட்டை நக்கினால் பசி என்பார்கள், முகத்தைத் திருப்பினால் வெட்கம் என்பார்கள். அந்த வால்! சந்தோஷத்தில் ஆடினால் இடுப்பே சேர்ந்து ஆடுமே. இப்போதெல்லாம் விறைத்து நின்று நுனி மட்டும்தானே படபடத்தது?

"அடப்பாவி!" என்றார் சலூன்காரர் வாய்விட்டு.

"யாரைப்பா சொல்ற?" என்று காவலாளி பதறினார்.

"என்னைத்தாண்ணே."

சவரத்தை முடித்துவிட்டு ஷட்டரை இழுத்துச் சாத்தினார். காத்திருந்த இருவர் திட்டியது காதில் விழவே இல்லை.

வீட்டில் மேனேஜர் கட்டிலுக்கடியில் கிடந்தது. அவர் கூப்பிடவில்லை, எதிரே போய் நிற்கவுமில்லை. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவே வந்து அருகில் படுத்தது. வலது கன்னத்தில் விரலை ஓட்டினார், ஒன்றுமில்லை. இடது காதுப் பக்கம் விரல் போனதும் உடம்பு கல்லாக இறுகிற்று, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தார். சீழ் நாற்றம்.

கால்நடை டாக்டர் மயக்க ஊசி போட்டு, காதுக்குள்ளிருந்து ஒரு புல்முள்ளை வெளியே எடுத்தார்.

"மூணு மாசமாவது உள்ள இருந்திருக்கும். தொட்டாலே உயிர் போயிருக்குமே, உறுமலையா?"

"உறுமிச்சு டாக்டர். நான்தான் அடிச்சு நிறுத்தினேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். சலூன்காரருக்கு அவமானத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"அப்போ என்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சா?"

"ஆமா. சத்தமா சொன்னதை நான் அடக்கிட்டேன். மெதுவா சொன்னது நம்ம ரெண்டு பேருக்கும் புரியல."

ஆனால் அண்ணனை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வந்துவிட்டது. சங்கிலியும் கையுமாக மச்சான் உள்ளே நுழைந்தபோது, சலூன்காரர் மருந்துச் சீசாவோடு மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சீசா காதை நெருங்கியது.

கர்ர்ர்...

சலூன்காரருக்குக் குபுக்கென்று கண் நிறைந்துவிட்டது. அந்தச் சத்தம் இனிமேல் வரவே வராது என்றுதான் நினைத்திருந்தார். சீசாவைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, உங்ககிட்டயே உறுமுது!" மச்சான் மேஜைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்துச் சுருட்டி நீட்டினார். "நாலு போடுங்க, அடங்கட்டும்."

அதை வாங்கியது மனைவியின் கை. பிரித்து, நீவி, மடித்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மேனேஜரிடமிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, கையைக்கூட நீட்டவில்லை.

"உறுமட்டும்ணா. வலிக்குதுன்னு சொல்லுது. சொல்லி முடிக்கட்டும், அப்புறமா மருந்து போட்டுக்கலாம்" என்றாள்.