உள்பக்கம் திறக்கும் கதவு

புதுப் புத்தகத்தில் அந்த ஏழாம் அத்தியாயம் மட்டும் இல்லையென்றால், பேராசிரியை இந்நேரம் துறைத் தலைவர் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். கட்டடக்கலையில் காலமெல்லாம் பாடம் நடத்தி, மூன்று புத்தகம் எழுதியவருக்கு அது என்ன, யாராவது போடும் பிச்சையா? ஆனால் அந்த அத்தியாயம் கல்லூரியின் புது அரங்கத்தைப் பற்றியது. அரங்கத்தை வரைந்தவரோ முதல்வர்.

முதல்வர் அவருடைய வகுப்புத்தோழர்தான். அடிக்கோல் இல்லாமல் ஒரு கோடு இழுக்கமாட்டார் என்பதால் அப்போதே 'ஸ்கேல்' என்று பெயர்.

"அந்த அத்தியாயத்த எடுத்துடு. நாளைக்கே ஆர்டர் போடறேன்" என்றார் ஸ்கேல்.

"எல்லாக் கதவும் உள்பக்கமா திறக்குது. தீப்பிடிச்சா கூட்டம் கதவுமேலதான் விழும். எப்படி இழுத்துத் திறக்கிறது? முதல்ல அத மாத்து."

"மாத்தினா நான் தப்புப் பண்ணேன்னு ஆயிடாதா?"

"பண்ணித்தானே இருக்க!"

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு ஏன் இந்த வம்பு? வாய மூடிட்டு இருந்தா நாற்காலி தன்னால வரும்."

"வாய மூடிட்டு உக்காரணும்னா எனக்கு அந்த நாற்காலியே வேணாம்."

சொன்னாரே தவிர, மனசு அடித்துக்கொண்டது. ஆசை இல்லாமலா? இத்தனை வருஷத்து ஆசை.

மறுநாள் மாணவர்கள் அத்தனை பேரையும் அரங்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். "உன் ஹாலப் பத்திப் பாடம், வந்து பேசு" என்றதும் ஸ்கேலுக்குத் தலைகால் புரியவில்லை. எதிரொலி எப்படி அடங்குகிறது என்று மணிக்கணக்கில் அளந்துவிட்டார். அவர் முடித்ததும் பேராசிரியை கை தட்டினார்.

"எல்லாரும் அந்தக் கதவுகிட்ட போங்க. சார் முன்னாடி. யாரும் தள்ளக் கூடாது, நெருக்கி நின்னா போதும்."

நின்றார்கள். மூடிய கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஸ்கேல்.

"இப்பத் திற" என்றார் பேராசிரியை.

அவர் இழுத்தார். கதவு கொஞ்சம் அசைந்து அவர் காலிலேயே இடித்து நின்றது. மறுபடி இழுத்தார். சட்டை வியர்வையில் நனைந்தது.

"பின்னாடி போங்கப்பா!" என்று கத்தினார்.

"போகமாட்டாங்க" என்றார் பேராசிரியை. "பின்னாடி நெருப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்கேலின் கை கைப்பிடியிலேயே இருந்தது. பேராசிரியை "போதும், விலகுங்க" என்ற பிறகுதான் கதவு திறந்தது.

அடுத்த வாரம் தச்சர்கள் வந்து எல்லாக் கதவையும் வெளிப்பக்கமாகத் திருப்பினார்கள். மறுநாள் காலையிலேயே ஸ்கேல் பேராசிரியையின் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மாத்தியாச்சு. இனிமே அந்த அத்தியாயம் எதுக்கு?"

"இதப் படிச்சிட்டு எத்தனையோ பேர் ஹால் வரையப்போறாங்க. அவங்களுக்குத் தெரிய வேணாமா? கடைசியில ஒரு வரி சேத்திருக்கேன். வரைஞ்சவரே கதவ மாத்தினார்னு."

ஸ்கேலின் முகம் ஒரு நொடி இளகி, மறுபடி இறுகியது. "அப்ப நாற்காலி உனக்கில்ல."

பேராசிரியை மேசையிலிருந்த வரைபடச் சுருளை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"கிளாசுக்கு நேரமாச்சு" என்றார். "வழிய விடு."